முப்பத்திரண்டு கிலோமீட்டர் நேர்கோடு

அஃப்ஸ்லவுட்டைக் அணையில் வளைவே கிடையாது.
இடப்பக்கம் உப்புக்கடல், வலப்பக்கம் நன்னீர் ஏரி,
நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.
பதினெட்டாவது கிலோமீட்டரில் அது கோணியது.

கோணியது சாலையல்ல என்று இப்போது தெரிகிறது.
அன்று காற்றைத் திட்டினேன்.
வடமேற்குக் காற்று; திட்டு வாங்கிப் பழகியது.

முதலில் ஓரங்கள் கறுத்தன.
முன்னால் போகும் ரிக்ஸ்டின் மஞ்சள் மேல்சட்டை
எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி மிஞ்சியது.
அதைப் பார்த்தபடியே மிதித்தேன்.
எண்ணி ஏழு மூச்சு.
பிறகு கடல் திரும்பி வந்தது, கரைச்சரிவின் ஆடுகள் வந்தன,
எதையும் பார்க்காதது மாதிரி மென்றுகொண்டு.

இது மூன்றாவது தடவை.
முதல் தடவை வெயில் என்றேன்.
இரண்டாம் தடவை தண்ணீர் போதவில்லை என்றேன்.
இம்முறை இரண்டு புட்டி உப்புநீர், நான்கு வாழைப்பழம்,
சர்க்கரை ரொட்டியில் பாதி,
பதினான்கு டிகிரி வானம்.
பழிபோட ஆள் கிடைக்கவில்லை.

கோர்ன்வெர்டர்ஸாண்ட் மதகருகே நின்றோம்.
ரிக்ஸ்ட் பாலம் தூக்குபவள்.
படகு கண்ணில் படுமுன்னே
அதன் எஞ்சினில் என்ன கோளாறென்று சொல்வாள்.
"உன் மூச்சு கணக்குத் தப்புகிறது, ஹெஸ்ஸல்."
"இன்னும் நூற்றறுபதுதான்."
"அந்தத் 'தானை' எங்கே வாங்கினாய்?"
என் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே
இறுக்கிக்கொண்டாள், முரண்டும் கடாவைப் பிடிப்பது போல.
என் அட்டையில் முத்திரை விழவில்லை.
தன் அட்டையையும் அவள் நீட்டவில்லை.
அவள் அண்ணனின் மீன்வண்டியில் வீடு வந்தோம்,
இரண்டு சைக்கிளும் நாங்களும் ஒரே வாசனையோடு.

டாக்டர் தெர்ப்ஸ்ட்ரா அன்று மாலையே பார்த்தார்.
முதலில் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
உலகம் சுற்றியதா, விளக்கு மங்கியதா?
மங்கியது.
இறங்கி நின்ற பிறகா, மிதிக்கும்போதா?
மிதிக்கும்போது.
பேனாவை எடுத்தது அப்போதுதான்.

"சட்டென்று நிறுத்தியபின் கிறுகிறுப்பது பலருக்கு உண்டு,
அதையும் வந்து சொல்லலாம், தப்பில்லை.
ஓட்டத்தின் நடுவே இருட்டுவது வேறு.
அதற்கு மூன்று தடவை காத்திருக்கக் கூடாது.
ஒன்றே போதும்."
நெஞ்சு தாறுமாறாக அடித்ததா? வலித்ததா?
நினைவு தப்பி விழுந்ததுண்டா?
இல்லை. இல்லை.
மூன்றாவது இல்லையைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.
வீட்டில் சின்ன வயதிலேயே திடீரெனப் போனவர்கள்?

சீட்ஸே சித்தப்பா.
முப்பத்தொன்பது வயது.
உறைந்த கால்வாயில் சறுக்கிக்கொண்டு வந்தவர்
ஸ்லோட்டன் பாலத்தடியில் குப்புற விழுந்தார்.
பனிக்கட்டியில் விரிசல், கால் மாட்டிக்கொண்டது என்றார்கள்.
ஊரே பனிக்கட்டியைக் குற்றம் சொன்னது.
அது வசந்தத்தில் உருகியும் போயிற்று.

எனக்குப் பன்னிரண்டு. மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன்.
மண்டியிட்டு, கையுறை கழற்றி, தடவிப் பார்த்தேன்.
விரிசல் இல்லை.
கண்ணாடி.
அடியில் ஒரு நாணல் அப்படியே நின்றது.
நாற்பத்தொரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு
தொலைபேசியை எடுத்தார்.

இப்போது நெஞ்சில் ஐந்து கம்பிகள், இடுப்பில் ஒரு பெட்டி.
வியாழனன்று இதயத்தைப் படமெடுப்பார்கள்.
எதுவாகவும் இருக்கலாம் என்கிறார்,
ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம்.
அதுவரை சைக்கிள் கொக்கியில்.
ரிக்ஸ்ட் தினமும் வந்து அதன் டயரை அமுக்கிப் பார்க்கிறாள்.
டயரில் சேறு ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறாள், தெரியும்.

நேற்று பால் வாங்க நடந்து போனேன்.
நாநூறு மீட்டர், நான்கு வளைவு.
ஒவ்வொன்றிலும் நின்றேன்.

பெட்டியோடு ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள்:
எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள்.
பத்து இருபது: பால், என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு,
விரிசல் இல்லை.